குரலுக்கு உரியவர் யார்? ஷான்டெல்ஸ் குழுவும் பெயர் விடுபட்ட பாடகியரும்



நியூயோர்க் நகரின் புரொங்ஸ் பகுதியைச் சேர்ந்த ஐந்து கறுப்பினப் பாடசாலை மாணவியர் 1957ஆம் ஆண்டில் ஒரு பாடலைப் பதிவுசெய்தார்கள். ‘மேபி’ என்பது அதன் பெயர். ‘ஷான்டெல்ஸ்’ என்பது அவர்களுடைய குழுவின் பெயர். ரொக் அண்ட் ரோல் இசை பிறந்து சில ஆண்டுகளே ஆகியிருந்த அந்நாளில், பெண்கள் மட்டுமே பாடும் குழுவொன்று அமெரிக்கா முழுவதும் கேட்கப்படலாம் என்பதை நிலைநாட்டிய முதல் சில குழுக்களில் அது ஒன்று. அவர்களுடைய இசை வாழ்க்கையைச் சான்றாகக் கொண்டு ஒரு கருத்தை இந்த அவையின் முன் வைக்க விரும்புகிறேன். குழுவாகப் பாடிய பெண்களும் அந்தப் பாட்டைப் படைத்தவர்களே. அவர்களுடைய பெயரை எழுதிவைப்பது பாடல் எப்படி உருவானது என்ற வரலாற்றைச் சரியாக எழுதுவதன் ஒரு பகுதி. பாடியவர் பிழைக்கும் வழியோடும் தொடர்புடைய காரியம். இந்தக் கருத்து புரொங்ஸுக்கு எவ்வளவு பொருந்துமோ, தேயிலை மலைகள் சூழ்ந்த இந்தக் கண்டிக்கும் அவ்வளவு பொருந்தும்.

கண்டியில் கூடிய தமிழ் அவையொன்றில் அமெரிக்கச் சிறுமியரின் பாட்டைப் பற்றிப் பேசலாமா என்று சிலருக்குத் தோன்றலாம். அந்த இசையுலகுக்கும் இந்த ஊருக்கும் நாம் நினைப்பதைவிட நெருக்கமான உறவு உண்டு. இரண்டாம் உலகப் போரின்போது, 1944ஆம் ஆண்டில், மவுன்ட்பேட்டன் பிரபு தென்கிழக்காசியப் படைக் கட்டளையின் தலைமையகத்தைக் கண்டிக்குக் கொண்டுவந்தார்; அது பேராதனைப் பூங்காவில் இயங்கியது. அந்தக் கட்டளையின் படையினருக்காகவே கொழும்பில் ‘ரேடியோ சியாக்’ என்னும் வானொலி தோன்றியது. அதற்கென நிறுவப்பட்ட வலுமிக்க சிற்றலைப் பரப்பியோடு அந்த நிலையம் 1949இல் இலங்கை அரசின் கைக்கு வந்தது. கொழும்புத் திட்டத்தின் கீழ் அவுஸ்திரேலியாவிலிருந்து வந்த கிளிஃபர்ட் டொட்டின் பொறுப்பில் 1950இல் வர்த்தக சேவை தொடங்கியது. இந்தியத் துணைக்கண்டம் முழுவதும் இலங்கை வானொலிக்குக் காது கொடுத்த காலம் அப்படித்தான் பிறந்தது. திரையிசையோடு மேற்கத்திய பொப் இசையையும் தெற்காசிய வீடுகளுக்குள் கொண்டுவந்த அலைவரிசையின் தொடக்கத்தில் பேராதனையில் அமைந்த ஒரு போர்த் தலைமையகம் இருக்கிறது. ஆகவே அந்தப் பாட்டுகளைப் பாடியவர்கள் யார் என்று கேட்கும் உரிமை இந்த ஊருக்கு நிரம்பவே உண்டு.

ஷான்டெல்ஸ் குழுவின் பிறப்பிடம் ஒரு கத்தோலிக்கப் பாடசாலை. ஆர்லீன் ஸ்மித், சோனியா கோரிங், ரெனே மைனஸ், ஜாக்கி லாண்ட்ரி, லோயிஸ் ஹாரிஸ் ஆகிய ஐவரும் புரொங்ஸிலிருந்த பதுவை நகர் புனித அந்தோனியார் பாடசாலையின் பாடகர் குழுவில் சிறுவயது முதல் ஒன்றாகப் பாடியவர்கள். அயலிலிருந்த, புனித ஷான்டால் பெயரைத் தாங்கிய இன்னொரு பாடசாலையின் பெயரிலிருந்தே தம் குழுவுக்கு அவர்கள் பெயர் எடுத்தார்கள். அவர்கள் பழகியது இலத்தீன் வழிபாட்டுப் பாடல்களும் கிரகோரியன் இசையும். தாளக் கருவியின் துணையின்றி, பல குரல்கள் ஒரே சுரவரிசையில் இணைந்து, மூச்சை நீளமாகப் பிடித்துப் பாடும் முறை அது. தனிக்குரல் துருத்திக்கொண்டு நிற்க அங்கே இடமில்லை. அருகில் நிற்பவரின் மூச்சு எங்கே முடிகிறது என்பதைக் கேட்டுத் தன் மூச்சைத் தொடங்கவேண்டும். 1893இல் அம்பிட்டியவில் பாப்பரசரின் குருமடம் நிறுவப்பட்ட காலந்தொட்டு இந்த இசை மரபு கண்டிக்கும் அந்நியமானதல்ல. கன்னியர்மடப் பாடசாலைகளின் பாடகர் குழுக்கள் எத்தனை மாணவியருக்கு முதல் இசைப் பள்ளியாக இருந்தன என்பதை இங்குள்ள பலரும் அறிவீர்கள். ஷான்டெல்ஸ் பாடகியரை ‘வீதியில் கண்டெடுத்த குரல்கள்’ என்று வர்ணிப்பது ஆண்டுக்கணக்கான பயிற்சியை மறைத்துவிடுகிறது. இசை நிறுவனத்தின் வாசலுக்கு அவர்கள் வந்தபோதே பயின்று தேர்ந்த பாடகியராக இருந்தார்கள்.

அவர்களை நிறுவனத்துக்கு அழைத்துச் சென்றவர் ரிச்சர்ட் பரெட். அவரும் பாடகர், இசையமைப்பாளர், கறுப்பினத்தவர். ஜோர்ஜ் கோல்ட்னர் நடத்திய இசைத்தட்டு நிறுவனங்களுக்காகத் திறமைசாலிகளைத் தேடிக்கொண்டிருந்தவர். கோல்ட்னரின் ‘எண்ட்’ என்ற முத்திரையில் 1957இல் அவர்களுடைய முதல் இசைத்தட்டான ‘ஹீஸ் கோன்’ வந்தது. அதே ஆண்டின் இறுதியில் ‘மேபி’ வெளியாயிற்று. பரெட் பியானோ வாசித்தார். மும்மூன்றாக விழும் பியானோத் தட்டல்களின் மேல் நான்கு குரல்கள் தேவாலயத்தில் ஒலிப்பதுபோல விரிய, அவற்றைக் கிழித்துக்கொண்டு ஆர்லீன் ஸ்மித்தின் குரல் எழுகிறது. அப்போது அவருக்கு வயது 16. சொற்கள் மிக எளியவை. பிரிந்தவன் திரும்பி வரக்கூடும் என்ற நைந்த நம்பிக்கைக்கு மேல் அவற்றில் ஒன்றுமில்லை. ஆனால் அந்தக் குரல் உச்சத்தில் ஏறி உடைகிற இடத்தில் சொல்லுக்கு அப்பாற்பட்ட துயரமொன்று வந்துவிடுகிறது. 1958இன் தொடக்கத்தில் அமெரிக்காவின் பொதுப் பட்டியலில் அது 15ஆம் இடத்தையும், ரிதம் அண்ட் புளூஸ் பட்டியலில் 2ஆம் இடத்தையும் பிடித்தது.

இந்தப் பாடலை எழுதியவர் யார்? பாடலாசிரியரின் இடத்தில் நிலைத்துவிட்டது பரெட்டின் பெயர். பாடகி ஜானிஸ் ஜோப்ளின் 1969இல் இதே பாடலைத் தம் ஆல்பத்தில் பாடியபோதும் அச்சில் வந்தது அந்தப் பெயர்தான். பாடலை உருவாக்கியதில் தமக்குப் பங்குண்டு என்பது ஆர்லீன் ஸ்மித்தின் நிலைப்பாடு. அறுபது ஆண்டுகளுக்கு மேலான பின்னர், ஓர் ஒத்திகை அறைக்குள் எந்த வரி யார் வாயில் முதலில் வந்தது என்று நாம் தீர்ப்பளிக்க முடியாது. என் வாதத்துக்கு அந்தத் தீர்ப்பு தேவையுமில்லை. ஒவ்வொரு சொல்லையும் பரெட்டே எழுதினார் என்று வைத்துக்கொள்வோம். அப்போதும், தாளில் இருக்கும் அந்த எளிய சொற்களுக்கும் இசைத்தட்டில் நாம் கேட்பதற்கும் இடையில் பெரிய தூரம் இருக்கிறது. அந்தத் தூரத்தைக் கடந்தவர்கள் ஐந்து சிறுமியர். குரல்களை எப்படி அடுக்குவது, எங்கே இழுப்பது, எங்கே உடைவது என்ற முடிவுகள் அவர்களுடைய தொண்டையிலும் செவியிலும் எடுக்கப்பட்டவை. அவை படைப்பு முடிவுகள். அவற்றுக்கு உரிய பெயர் எங்கும் பதியப்படவில்லை.

பெயர் மட்டுமல்ல, முகமும் மறைக்கப்பட்டது. 1958இல் வெளியான அவர்களுடைய நெடுந்தட்டின் உறையில் முதலில் ஐந்து பாடகியரின் படமும் இருந்தது. பின்னர் அந்த உறை அகற்றப்பட்டு, இசைப்பெட்டியின் முன் நின்று பாட்டைத் தெரிவுசெய்யும் வெள்ளைக்கார இளையோர் இருவரின் படம் போடப்பட்டது. கறுப்பினத்தவரின் முகம் விற்பனைக்குத் தடை என்று கருதிய காலம் அது. பாட்டைக் கேட்பவரின் படம் உறையில் ஏறிற்று. பாடியவரின் படம் இறங்கிற்று. குழுவின் வாழ்வும் நெடுங்காலம் அப்படியே நீடிக்கவில்லை. லோயிஸ் ஹாரிஸ் உயர்கல்விக்காக விலகினார். 1959இல் ‘எண்ட்’ நிறுவனம் அவர்களைக் கைவிட்டது. ஆர்லீன் ஸ்மித் தனிப்பாடகியாகப் பிரிந்தார். எஞ்சியோர் வேறொரு முன்பாடகியோடு கார்ல்டன் நிறுவனத்தில் பதிவுசெய்த ‘லுக் இன் மை ஐஸ்’ 1961இல் 14ஆம் இடம்வரை ஏறியது. ஆர்லீன் ஸ்மித் பின்னாளில் ஜூலியார்ட் இசைக் கல்லூரியில் பயின்று, பாடசாலை ஆசிரியையாகப் பணிபுரிந்தார்.

பெயரின்மேல் நான் ஏன் இத்தனை அழுத்தம் கொடுக்கிறேன் என்பதற்குச் சட்டத்தில் விடை இருக்கிறது. அமெரிக்காவில் வழக்கமான வானொலி நிலையமொன்று ஓர் இசைத்தட்டை ஒலிபரப்பினால், பாடலாசிரியருக்கும் பாடலை வெளியிட்ட நிறுவனத்துக்கும் உரிமத் தொகை செல்கிறது. பாடியவருக்கு அந்த ஒலிபரப்பிலிருந்து ஒரு சதமும் இல்லை. இன்றுவரை அதுவே அந்நாட்டு நிலை. ஒரு பாடல் அரை நூற்றாண்டு காலம் வானொலியில் ஒலித்தால், இசைத்தட்டில் பாடலாசிரியராக அடைப்புக்குறிக்குள் அச்சான சிறிய பெயருக்கு உரியவர் அரை நூற்றாண்டு காலம் அதன் பயனைப் பெறுவார். அந்த அடைப்புக்குறிக்கு வெளியே நிற்பவரின் குரலை உலகம் முழுவதும் கேட்கும். அவருக்கு அந்த ஒலிபரப்பால் ஒரு வருமானமும் இராது. இசைத்தட்டு உறையில் ஒரு பெயர் இருப்பதும் இல்லாமலிருப்பதும் முதுமைக் காலத்து வீட்டு வாடகையைத் தீர்மானிக்கக்கூடிய விடயம்.

இதற்கு எதிராக எழக்கூடிய முதலாவது வாதம் வலுவானது. பதினைந்து, பதினாறு வயதுச் சிறுமியருக்குப் பாடல் அமைக்கும் ஆற்றல் எங்கிருந்து வரும், பரெட் போன்ற அனுபவசாலி இல்லாவிட்டால் அவர்களை யார் அறிந்திருப்பார்கள் என்பது அந்த வாதம். பரெட்டின் பங்கை நான் குறைக்கவில்லை. அவருடைய செவியும் உழைப்பும் இல்லாமல் அந்த இசைத்தட்டு வந்திருக்காது. ஆனால் சிறுமியரால் இயலாது என்ற முற்பாதியை அதே காலத்தின் சான்றுகளே மறுக்கின்றன. நியூயோர்க்கின் ஹார்லெம் பகுதிப் பாடசாலையொன்றின் பாடகர் குழுவில் உருவான ‘பொபெட்ஸ்’ என்ற ஐந்து சிறுமியர், தமக்குப் பிடிக்காத ஆசிரியர் ஒருவரைக் கேலிசெய்து தாமே ஒரு பாட்டுக் கட்டினார்கள். அட்லாண்டிக் நிறுவனம் கேலியைப் புகழ்ச்சியாக மாற்றச் சொல்ல, அவ்வாறே மாற்றப்பட்டு 1957இல் வெளியான ‘மிஸ்டர் லீ’ பொதுப் பட்டியலில் 6ஆம் இடத்தையும் ரிதம் அண்ட் புளூஸ் பட்டியலில் முதலிடத்தையும் பெற்றது. பாடலாசிரியர் இடத்தில் அந்தச் சிறுமியரின் பெயர்களே இருந்தன. நியூ ஜேர்சி மாநிலத்தின் பசேயிக் நகரில், சேர்லி ஓவன்ஸ், டொரிஸ் கோலி, அடி ஹாரிஸ், பெவர்லி லீ என்ற நான்கு மாணவியர் தாமே எழுதிய ‘ஐ மெட் ஹிம் ஒன் எ சண்டே’ 1958இல் இசைத்தட்டாயிற்று. அவர்கள்தான் 1961இன் தொடக்கத்தில் அமெரிக்கப் பொதுப் பட்டியலின் முதலிடத்தைப் பிடித்த ‘ஷிரெல்ஸ்’. அடுத்தடுத்து இரண்டு ஆண்டுகளில், அருகருகே இருந்த ஊர்களில், பாடசாலைச் சிறுமியர் தம் பாட்டைத் தாமே கட்டினார்கள் என்பதற்கு அச்சிட்ட சான்று இருக்கிறது. ஆகவே சிறுமியின் சொல்லைக் கேட்டதும் நம்ப மறுக்கும் பழக்கத்துக்குச் சான்றின் துணை இல்லை.

இரண்டாவது வாதம், ஆண்களும் ஏமாற்றப்பட்டார்களே என்பது. உண்மைதான். இதே கோல்ட்னரின் நிறுவனத்தில், இதே பரெட் அறிமுகப்படுத்திய ஃபிராங்கி லைமனும் டீனேஜர்ஸ் குழுவினரும் 1956இல் பாடிய ‘வை டூ ஃபூல்ஸ் ஃபோல் இன் லவ்’ பாடலுக்குக் கோல்ட்னரின் பெயரும், பின்னர் அவருடைய நிறுவனங்களை வாங்கிய மொரிஸ் லெவியின் பெயரும் ஆசிரியர் வரிசையில் ஏறின. குழு உறுப்பினர்களான ஹேர்மன் சான்டியாகோவும் ஜிம்மி மேர்ச்சன்டும் வழக்குத் தொடுத்து, 1992இல் தம் பங்கை நிலைநாட்டினார்கள். 1996இல் மேன்முறையீட்டு நீதிமன்றம் அந்த வெற்றியை இல்லாமலாக்கியது. உரிமை கோருவதற்கான மூன்றாண்டுக் காலவரையறை எப்போதோ கடந்துவிட்டது என்பதே காரணம். பதின்ம வயதில் கையெழுத்திட்டவர்கள் சட்டம் புரிந்து உரிமை கேட்கப் போனபோது, சட்டத்தின் கதவு சாத்தப்பட்டிருந்தது. ஆண்களுக்கும் நேர்ந்த இந்த அநீதி என் வாதத்தைப் பலவீனமாக்கவில்லை; அந்தத் தொழில் எந்த முறையில் நடந்தது என்பதைக் காட்டுகிறது. பெண் குழுக்களுக்கு அதன்மேல் இன்னொரு சுமையும் இருந்தது. தம் 21ஆம் வயதில் கிடைக்கும் என்று சொல்லப்பட்ட பணம் எங்கே என்று கேட்ட ஷிரெல்ஸ் பாடகியர், அப்படியொரு சேமிப்பே இல்லை என்பதைக் கண்டு வழக்குக்குப் போகவேண்டியிருந்தது. தாயைப் போலப் பார்த்துக்கொள்கிறோம் என்ற உறவு மொழியில் பெண்பிள்ளைகளின் கணக்குவழக்கு மறைக்கப்பட்டது.

மூன்றாவது வாதம், இவை ஒரு பருவத்துக் காதல் பாட்டுகள், சில மாதம் ஒலித்து மறைபவை, இத்தனை ஆய்வுக்கு உரியவை அல்ல என்பது. மறைந்திருந்தால் இந்த வாதம் நிற்கும். ‘மேபி’ ஜானிஸ் ஜோப்ளினிடம் 1969இல் மறுபிறவி எடுத்தது; ‘த்ரீ டிகிரீஸ்’ என்ற மற்றொரு பெண் குழு 1970இல் அதை மீண்டும் பட்டியலில் ஏற்றியது. 1963இல் வந்த பீட்டில்ஸ் குழுவினரின் முதல் ஆல்பத்தில் ஷிரெல்ஸ் முன்னரே பாடிய இரண்டு பாடல்கள் இருக்கின்றன. நம் நாட்டிலும் இந்திராணி, மல்லிகா, இராங்கனி பெரேரா சகோதரியர் ‘த்ரீ சிஸ்டர்ஸ்’ என்ற பெயரில் சிங்கள பொப் இசைக்குப் பெண்களின் கூட்டுக் குரலைக் கொண்டுவந்தார்கள். பருவத்துப் பாட்டு என்று ஒதுக்கப்பட்ட ஒன்று இத்தனை பேருக்கு இலக்கணமாக அமைந்திருக்கிறது என்றால், ஒதுக்கியவர்களின் அளவுகோலைத்தான் நாம் ஐயுறவேண்டும்.

இனி நம் மலைகளுக்கு வருவோம். தோட்டங்களில் கொழுந்து பறித்த, தொட்டில் ஆட்டிய, சாவு வீட்டில் மாரடித்த பெண்களின் பாட்டுகள் மலையக இலக்கியத்தின் அடித்தளம் என்பதை யாரும் மறுப்பதில்லை. ஆனால் யாருடைய பெயர் நமக்கு வந்து சேர்ந்திருக்கிறது? 1869இல் அச்சான ‘கோப்பிக் கிருஷிக் கும்மி’யை எழுதியவர் ஆபிரகாம் ஜோசப், தோட்டத்தில் உத்தியோகம் பார்த்தவர். கும்மி பெண்கள் கைகொட்டி ஆடும் வடிவம். அந்த வடிவத்தில் உத்தியோகத்தரின் பெயர் நூற்றைம்பது ஆண்டுகளைக் கடந்து நிற்கிறது. அவருடைய காலத்தில் அதே தோட்டங்களில் கும்மியடித்த பெண்களின் பெயர் ஒன்றுகூட நம்மிடம் இல்லை. பூண்டுலோயா மடக்கும்புரையில் பிறந்த சி. வி. வேலுப்பிள்ளை மக்கள் பாடல்களை அரும்பாடுபட்டுத் திரட்டித் தந்தார். அவர் செய்திராவிட்டால் அந்தச் செல்வம் மண்ணோடு போயிருக்கும். அவருக்கு நாம் பட்ட கடன் பெரிது. எனினும் அந்தப் பாட்டுகளை இன்று மேற்கோள் காட்டும் கட்டுரைகள் தொகுத்தவரின் பெயரைச் சொல்லி நின்றுவிடுகின்றன. இவற்றுக்கு மறுதலையாக ஒருவர் இருக்கிறார். தோட்டத் தொழிற்சங்க முன்னோடி கோ. நடேசய்யரின் துணைவியார் மீனாட்சி அம்மாள், தொழிற்சங்கக் கூட்டங்களில் தொழிலாளரிடையே தாம் பாடிய பாட்டுகளைத் தம் பெயரிலேயே அச்சிட்டுப் பரப்பினார். அதனால்தான் அவர் இன்று ஆய்வுக்குரிய ஆளுமையாக நிற்கிறார். அவரைப் போலப் பாடக்கூடிய பெண்கள் எந்தத் தோட்டத்திலும் இருந்திருக்கக்கூடும். அவரிடம் எழுத்தறிவும் அச்சகமும் இருந்தன. மற்றவர்களிடம் அவை இல்லை.

நாட்டார் பாடல் கூட்டுச் சொத்து, அதற்குத் தனி ஆசிரியரைத் தேடுவது அதன் இயல்பையே கெடுக்கும் என்று நாட்டாரியல் அறிஞர்கள் சொல்லக்கூடும். நான் எதிர்கொள்ளவேண்டியவற்றுள் மிகக் கடினமான வாதம் இதுவே. பாட்டின் மெட்டும் தொடர்களும் தலைமுறைகளின் கூட்டு உழைப்பு என்பதை முழுமையாக ஏற்கிறேன். ஆனால் ஒப்பாரி வைக்கும் பெண் பழைய தொடர்களை எடுத்து, எதிரே கிடக்கும் அந்த ஒரு மனிதனின் வாழ்வுக்கு ஏற்ப அங்கேயே கோக்கிறாள். தாலாட்டில் வரும் மாமன் பெயரும் ஊர்ப் பெயரும் பாடுகிறவளின் தெரிவு. மரபு எல்லோருடையது, அன்றைக்கு அந்த இடத்தில் நிகழ்ந்த பாட்டு அவளுடையது. கிரகோரியன் இசை ஆயிரம் ஆண்டுப் பொதுச்சொத்து. அதைப் பயின்ற ஆர்லீன் ஸ்மித்தின் குரல் அவருக்கே உரியதாக இருந்தது போலத்தான் இதுவும். பாடியவரின் பெயரைக் குறிப்பதால் கூட்டுத்தன்மை கெடுவதில்லை. ஒரே பாட்டு எந்தத் தோட்டத்தில், யார் வாயில், எப்படி மாறியது என்று தெரிந்தால்தான் கூட்டுத்தன்மை எவ்வாறு இயங்குகிறது என்பதையே நாம் அறியமுடியும். பெயரற்ற தொகுப்பு அந்த ஆய்வின் வாயிலை அடைத்துவிடுகிறது.

நம் சட்டம் இந்த வழியில் பாதித் தூரம் வந்திருக்கிறது. 2003ஆம் ஆண்டின் 36ஆம் இலக்கப் புலமைச் சொத்துச் சட்டம், நிகழ்த்துநருக்குத் தம் நிகழ்த்துகையின்மேல் உரிமை அளிக்கிறது. நாட்டார் வெளிப்பாடுகளையும் பாதுகாக்கிறது. ஆனால் நாட்டார் வெளிப்பாட்டை அச்சிடும்போது அது எந்தச் சமூகத்திலிருந்து அல்லது எந்த இடத்திலிருந்து பெறப்பட்டது என்பதைக் குறிப்பிட்டால் போதும் என்பதே அதன் எதிர்பார்ப்பு. ‘மலையகப் பாடல்’ என்று எழுதிவிட்டால் சட்டம் நிறைவடைந்துவிடும். நாம் நிறைவடையலாகாது. ‘புரொங்ஸ் சிறுமியரின் பாடல்’ என்று மட்டும் எழுதப்பட்டிருந்தால் ஆர்லீன் ஸ்மித் என்ற கலைஞர் வரலாற்றில் இருந்திருக்கவே மாட்டார்.

ஆகவே இந்த அவையிலுள்ள ஆய்வாளர்களுக்கும் ஆசிரியர்களுக்கும் என் வேண்டுகோள் இது. பேராதனைப் பல்கலைக்கழகத்திலும் இந்த மாவட்டத்துப் பாடசாலைகளிலும் நாட்டார் பாடல் சேகரிக்க மாணவர்களை அனுப்புகிறீர்கள். அவர்கள் கொண்டுவரும் ஒவ்வொரு பாட்டோடும் பாடியவரின் பெயர், வயது, தோட்டம், டிவிசன், அவர் அதை யாரிடம் கற்றார் என்ற விவரம், பெயரை வெளியிட அவருடைய சம்மதம் ஆகியவற்றையும் கேளுங்கள். இவை இல்லாத சேகரிப்புக்கு முழுப் புள்ளி வழங்காதீர்கள். சம்மதம் தராதவரின் விருப்பத்தை மதியுங்கள். ஆனால் கேட்காமல் விட்டதற்கு அதைச் சாட்டாக்காதீர்கள். ஏற்கெனவே அச்சான தொகுப்புகளை மீண்டும் பதிப்பிப்போர், பாடியவர்களை அறிந்த முதியோர் உயிரோடு இருக்கும்போதே அந்தத் தோட்டங்களுக்குத் திரும்பிப் போகட்டும். ஒலிப்பதிவை விற்பவர்களும் ஒலிபரப்புபவர்களும் பாடியவருக்கு உரிய பங்கை எழுத்தில் ஒப்புக்கொள்ளட்டும். டீனேஜர்ஸ் குழுவினரின் வழக்கு நமக்குக் கற்றுத்தரும் பாடம் காலத்தைப் பற்றியது: பெயரைப் பாட்டுப் பதிவாகும் நாளிலேயே எழுதிவிடவேண்டும். முப்பது ஆண்டு கழித்து நீதிமன்றத்தில் அதை மீட்பது அரிது. தோட்டத்துப் பாட்டிக்கோ அந்த நீதிமன்றத்தின் வழியும் இல்லை. நம் மாணவர் கையிலுள்ள குறிப்பேடு மட்டுமே இருக்கிறது. அதில் அவர் பெயரை எழுதுங்கள்.